செட்டிநாட்டுக்குக் குடும்ப மருத்துவம் படிக்க வரும் புது டாக்டருக்கு

புதிதாக வரும் ரெசிடென்ட் (முதுநிலைப் பயிற்சி மருத்துவர்) பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது மருத்துவக் கேள்வியாக இருப்பதில்லை. "சார், இங்கே நல்ல மெஸ் எங்கே இருக்கு?" என்பார்கள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போக விடுவாங்களா?" என்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். சாப்பாடும் தூக்கமும் பேச ஒரு ஆளும் இல்லாத டாக்டரால் நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. குடும்ப மருத்துவத்தில் பாதி வேலை கேட்பதுதான். அதனால் பயிற்சியைத் தனியாகவும் உங்கள் நலனைத் தனியாகவும் பிரிக்காமல், ஊருக்கு வருவதில் தொடங்கி ஊரை விட்டுக் கிளம்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன். நானும் இதே படிப்பைப் படித்தவன். இப்போது காரைக்குடிப் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். உங்களைப் போன்றவர்கள் சில வாரங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து பழகிவிட்டுப் போவார்கள்.

பெட்டி கட்டுவதற்கு முன்

எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியத்தின் முதுநிலைப் படிப்பு) குடும்ப மருத்துவத்தில் சேர்ந்தால் மூன்று வருடம். சேரும் முன் மருத்துவமனையிடம் ஐந்து விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், தங்கும் அறை உண்டா, எந்தத் துறையில் எத்தனை மாதம், வார விடுமுறை எப்படி. வாய்ச்சொல்லை நம்பி வந்து, ஆறாவது மாதம் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை நேரம் பற்றித் தெரிந்துகொண்டே வாருங்கள். மத்திய அரசு 1992இல் வெளியிட்ட ரெசிடென்சி திட்டம், ஜூனியர் ரெசிடென்ட் ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் என்கிறது. மருத்துவ மாணவர்களின் மனநலத்துக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024 அறிக்கையில் வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. இரண்டும் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஆனால் ரோஸ்டர் போடுபவரிடம் பேசும்போது "எனக்கு முடியலை சார்" என்பதைவிட, இந்த எண்களைச் சொல்லிப் பேசுவது நல்லது. ஒருவராகப் போய்ப் பேசாதீர்கள், நான்கு பேராகப் போங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் (0, 1, 6 மாதங்கள்) போட்டாயிற்றா என்று பாருங்கள். கடைசித் தவணைக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவு பார்த்து, 10 mIU/mLக்கு மேல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வார்டில் ஊசி குத்திய பிறகு இதை யோசிப்பது கொடுமை.

முதல் வாரம்: காதைப் பழக்குங்கள்

தமிழ் தெரியும் என்று நினைத்து வருவீர்கள். இங்கே வந்து முதல் நாள் ஓ.பி.யில் பாதி புரியாது. "மேலுக்குச் சரியில்லை" என்றால் பெரும்பாலும் காய்ச்சல். "மதமதப்பு" என்றால் மரத்துப்போதல். "கொடச்சல்" என்பது எலும்புக்குள் குடைகிற மாதிரி வலி. "கிறுகிறுப்பு" தலைசுற்றலாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம், வெறும் பசியாகவும் இருக்கலாம். எதையும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதும் முன் "எப்படின்னு சொல்லுங்க" என்று ஒரு முறை கேளுங்கள். நோயாளி சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதி, அதற்குக் கீழே உங்கள் கணிப்பை எழுதுங்கள்.

உறவுப் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா என்பார்கள். அம்மாவைப் பெற்ற பாட்டி ஆயா, அப்பாவைப் பெற்ற பாட்டி அப்பத்தா. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், "அப்பச்சிக்கு நாற்பத்தஞ்சு வயசுல ஹார்ட் அட்டாக்" என்று நோயாளி சொன்னதைத் தாய்வழித் தாத்தா என்று எழுதிவிட்டார். கொங்கு நாட்டில் அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா. இங்கே அந்த மனிதர் சொன்னது தன் சொந்தத் தகப்பனாரை. 45 வயதில் மாரடைப்பு வந்தது தகப்பனுக்கா தாத்தாவுக்கா என்பதை வைத்து நம் கணக்கே மாறும். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் போடும்போது, "அப்பச்சின்னா உங்களைப் பெத்தவரா?" என்று வெட்கப்படாமல் கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், ஆனால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

நகரத்தார் பெண்களை ஆச்சி என்று கூப்பிடலாம், இளம் வயதானாலும் அது மரியாதைதான். மற்ற வீட்டுப் பெரியவர்களுக்கு அப்பத்தா, அம்மா, ஐயா. வயல்வேலை செய்யும் அண்ணனுக்கு அண்ணே. "நீ, வா" மட்டும் யாரிடமும் வேண்டாம்.

துறை துறையாகச் சுற்றும்போது

பொதுமருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை, எலும்பு, கண், காது மூக்கு தொண்டை, தோல், மனநலம், அவசரப் பிரிவு என்று சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். இந்தப் படிப்பின் பெரிய வலி இங்கேதான் இருக்கிறது. எந்தத் துறையிலும் நீங்கள் அந்த வீட்டுப் பிள்ளை கிடையாது. இரண்டு மாதத்தில் போகிறவர் என்பதால் கற்றுக்கொடுக்க யாருக்கும் அவசரமில்லை. கேஸ் ஷீட் எழுதவும் ரத்த மாதிரி அனுப்பவும் மட்டும் கூப்பிடுவார்கள். மூன்று துறைகள் இப்படிப் போனால் "நான் எதிலும் தேறாதவன்" என்ற எண்ணம் வந்துவிடும்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான், பலருக்கு உதவியிருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் முதல் நாள், நீங்கள் கற்க விரும்பும் ஐந்து காரியங்களை ஒரு தாளில் எழுதி, துறைத் தலைவரிடம் கொடுங்கள். பெரிய காரியங்கள் வேண்டாம். நாளைக்குக் கிளினிக்கில் தனியாக உட்காரும்போது கை செய்ய வேண்டியவை போதும். கண் துறையில் ஆப்தால்மோஸ்கோப்பால் விழித்திரை பார்ப்பது. காது மூக்குத் துறையில் மூக்கில் ரத்தம் வந்தால் பஞ்சு அடைப்பது. எலும்பில் மாவுக்கட்டுப் பட்டை போடுவது. தோலில் தொழுநோய்க்கு நரம்பைத் தொட்டுப் பார்ப்பது. மனநலத்தில் தற்கொலை எண்ணத்தைப் பற்றி நேரடியாக, தடுமாறாமல் கேட்பது. தாளில் எழுதிக் கேட்டால் பெரும்பாலான பேராசிரியர்கள் மனம் இளகிவிடுவார்கள். செய்ததை அன்றைக்கே லாக்புக்கில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாம் வருடத்தில் ஒட்டுமொத்தமாகக் கையெழுத்துக்கு அலைவது தேவையில்லாத துன்பம்.

சர்க்கரை நோயாளியின் காலைச் சோதிக்க 10 கிராம் மோனோஃபிலமெண்டை (தொடு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை) உங்கள் பையில் வைத்திருங்கள். இங்கே தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள், பலர் வெறும் காலோடு. மார்கழியிலேயே கேட்டு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உணர்ச்சி இல்லாதவரிடம் "போகாதீங்க" என்றால் உங்களிடம் சொல்லாமல் போய்விடுவார். மெத்தென்ற செருப்பும், தினம் இரவு பாதத்தைப் பார்க்க ஒரு துணையும் ஏற்பாடு செய்துகொடுங்கள்.

முதல் இரவுப் பணிக்கு முன்

இரவுப் பயம் என்பது பெரும்பாலும் "என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுவேனோ" என்ற பயம். அதைப் பகலிலேயே பாதி குறைக்கலாம். பகல் வெளிச்சத்தில் அவசரப் பிரிவுக்குப் போய், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) எங்கே, பாம்புக்கடி மருந்து எந்த ஃப்ரிட்ஜில், எத்தனை குப்பி இருக்கிறது, சாவி யாரிடம் என்று கையால் தொட்டுப் பாருங்கள். இரவில் யாரைக் கூப்பிடலாம் என்ற எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள்.

பாம்புக்கடி இங்கே புத்தகத்து விஷயமில்லை. குறிப்பாக ஒன்று: தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். கடித்த தடம் தெரியாது. கண் இமை தொங்க ஆரம்பித்திருந்தால் கட்டுவிரியனை நினையுங்கள். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை அதில் சரியாகவே இருக்கும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். அந்தச் சோதனையைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில்தான் செய்ய வேண்டும், பிளாஸ்டிக்கில் கூடாது. மூச்சு நின்றுவிட்டால் ஆம்பு பேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே அனுப்புங்கள். காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 50 கிலோமீட்டருக்குள், மதுரை ஏறக்குறைய 90. 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், அந்தப் படிவத்தையும் மறக்காதீர்கள்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், விரலைப் பிதுக்க வேண்டாம். உடனே மேலே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள்.

பெண் ரெசிடென்ட்கள், டூட்டி அறைக்கு உள்தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். மரணச் செய்தி சொல்லத் தனியாகப் போகாதீர்கள், ஒரு நர்ஸையாவது உடன் அழைத்து, உட்கார்ந்து சொல்லுங்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்குவது 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் சட்டம் வந்து சேரும் முன் கூட்டம் வந்துவிடும், கதவுப் பக்கமாக உட்காருங்கள்.

இரவுப் பணி முடிந்து பைக் எடுக்க வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. இரண்டாம் வருடத்தில் நான் ஒரு மணல் குவியலில் போய் விழுந்தேன். மணலாக இருந்ததால் பிழைத்தேன்.

வீட்டுக்குப் போங்கள்

மாதம் இரண்டு வீடாவது போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு முறை போய் வந்தால், ஓ.பி.யில் பத்து முறை பார்த்தும் புரியாதது புரியும். முகப்பு ஒரு தெருவில், கொல்லை அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி. இவ்வளவு பெரிய வீட்டில் எண்பது வயது ஆச்சி ஒருவர் ஒரே ஒரு அறையில் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. இரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் உயர்ந்த நிலைப்படிகளைத் தாண்டி, வழுவழுப்பான ஆத்தங்குடித் தரையில் நடந்து, கொல்லைப் பக்கம் போக வேண்டும். "ராத்திரி தண்ணி குடிக்கறதே இல்லப்பா" என்பார். நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அப்போதுதான் தெரியும். படுக்கை அருகே ஒரு கமோட் நாற்காலியும் ஒரு இரவு விளக்கும், மூன்றாவது ஆன்டிபயாடிக்கைவிட உபயோகம்.

மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி ஒரு தாம்பாளத்தில் கொட்டுங்கள். மதுரை டாக்டர் தந்தது, சென்னை டாக்டர் தந்தது, மகன் கொண்டுவந்தது என்று எல்லாம் இருக்கும். ஒரே ரத்த அழுத்த மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும், ஆச்சி இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கிறுகிறுப்புக்குக் காரணம் அதுவாக இருக்கும். எது எதற்கு, எப்போது என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மகனோடு வீடியோ காலில் பேசி, வேண்டாததை எடுத்துவிட்டு வாருங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள். பிள்ளையார் நோன்பு சமயமென்றால் மாவில் இழை (நூல் திரி) வைத்துத் தருவார்கள், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக அறை எடுத்துத் தங்கி ஹோட்டல் பரோட்டாவில் காலம் தள்ளும் உங்களுக்கும் அந்த அரை மணி நேரம் தேவை.

அப்படிப் போகும் வீடுகளில் பத்துக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து மூன்று வருடமும் தொடருங்கள். துறைகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தப் பத்து வீடுகள் மாறாது. ஒரு நாள் யாராவது உங்களை "எங்க டாக்டரு" என்பார். சொந்தத் துறை இல்லாத வலி அன்று தீரும்.

வாரம் ஒரு மணி நேரம் பேசுங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சியின்போது ஒரு மாலை, ஐம்பது வயது விவசாயி ஒருவர் "நெஞ்சு கரிக்குது" என்று வந்தார். ஈ.சி.ஜி. எடுத்தேன், சரியாக இருந்தது. அமிலத்துக்கு மருந்து கொடுத்து அனுப்பினேன். விடியற்காலையில் மாரடைப்போடு தூக்கி வந்தார்கள், வார்டில் இறந்துபோனார். சீனியர் "அடுத்த கேஸைப் பாரு" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை. நெஞ்சு என்று வாயெடுத்தவர் எல்லோருக்கும் மூன்று மூன்று ஈ.சி.ஜி. எடுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு இரவு, வயதான நர்ஸ் அக்கா ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை, கேட்டார். அதற்குப் பிறகுதான் தூங்கினேன்.

மருத்துவப் பாடம் எளிது: முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்குள் இன்னொன்று எடுங்கள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை பாருங்கள், சர்க்கரை நோயாளியின் "கரிப்பை" நம்பாதீர்கள். மனதுக்கான பாடத்துக்கு ஒரு வழிமுறை ஏற்கெனவே இருக்கிறது. மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் 1950களில் லண்டனில் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்துப் பேச வைத்தார். இன்றும் பல நாடுகளில் குடும்ப மருத்துவப் பயிற்சியில் பாலின்ட் குழு உண்டு. நீங்கள் மொட்டை மாடியில் செய்யலாம், செலவே இல்லை.

ஐந்தாறு பேர், வாரம் ஒரு மணி நேரம், ஒரே நாள், ஒரே நேரம். ஒருவர் தன் மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேச வேண்டும், கேஸ் ஷீட் பார்க்காமல். பெயர் வேண்டாம். மற்றவர்கள் சில சந்தேகங்கள் கேட்கலாம். அப்புறம் பேசியவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இருபது நிமிடம் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். மற்றவர்கள் அந்த நோயாளியின் மனதில் என்ன இருந்திருக்கும், அந்த டாக்டரின் மனதில் என்ன இருந்திருக்கும் என்று பேசுவார்கள். "நீ அந்த டெஸ்ட் எடுத்திருக்கணும்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, அதற்கு வேறு கூட்டம் உண்டு. அங்கே பேசியது மாடிப்படி இறங்கக் கூடாது. ஒருவர் வெளியே சொல்லிவிட்டால் குழு செத்துவிடும். மதிப்பெண் போடும் பேராசிரியர் அதில் உட்காராமல் இருப்பது நல்லது. முதல் மூன்று வாரம் சங்கடமாக இருக்கும். நான்காவது வாரம் யாராவது அழுவார்கள், அப்புறம் யாரும் வராமல் இருக்க மாட்டார்கள்.

சோர்வா, நோயா

வேலைச் சோர்வுக்கு மூன்று முகங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள்: உள்ளம் வற்றிப்போதல், நோயாளியைப் பொருளாகப் பார்த்தல், "நான் செய்வதில் பயனில்லை" என்ற எண்ணம். உங்களை நீங்களே கவனிக்க இரண்டாவதைப் பாருங்கள். "ஆறாம் நம்பர் பெட் கத்துது" என்று நீங்கள் சொல்ல ஆரம்பித்திருந்தால், ஒரு நாள் லீவு எடுக்க வேண்டிய நேரம்.

லீவு எடுத்தும், தூங்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழவில்லை என்றால் அது சோர்வைத் தாண்டிய விஷயம். மனச்சோர்வை அளக்க நோயாளிக்குக் கொடுக்கும் பி.ஹெச்.கியூ-9 கேள்வித் தாளை உங்களுக்கே நிரப்புங்கள். 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அன்றைக்கே, மணி எத்தனையானாலும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்களுக்கென்று ஒரு டாக்டர் இருக்கட்டும். தூக்க மாத்திரையை உங்களுக்கு நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள்.

தீசிஸ் தலைப்பை, தானாக உங்களிடம் வரும் நோயாளிகளை வைத்து முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்யுங்கள். முதியவர்களின் மருந்துப் பெட்டியே நல்ல தலைப்பு. டி.என்.பி.யில் விடுப்பு ஆண்டுக்கு 30 நாள், தாண்டினால் பயிற்சிக் காலம் நீளும். அதனால் அந்த 30ஐத் துண்டு துண்டாக வீணாக்காமல், வருடத்தில் ஒரு முறையாவது ஒரு வாரம் சேர்த்து எடுத்து வீட்டுக்குப் போங்கள்.

கிளம்பும்போது

கடைசி மாதம் தேர்வுப் பயத்தில் எல்லாம் மறந்துபோகும், இதை மட்டும் மறக்காதீர்கள். உங்களுடைய பத்து வீட்டுக்கும் ஒரு ஜூனியரை அழைத்துக்கொண்டு போங்கள். "ஆச்சி, நான் அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், இனிமே இவங்கதான் வருவாங்க" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆச்சி கொஞ்சம் கோபப்படலாம், அழலாம். காபி வரும் வரை உட்காருங்கள். மருந்துப் பெட்டி எந்த மாடத்தில் இருக்கிறது, இரவு விளக்கின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று ஜூனியருக்குக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.